அழுகையை நிறுத்திய குழந்தை குணமாகிவிட்டதா?

உங்க ரெண்டரை வயசுக் குழந்தைக்கு ஒரு சின்ன ஆபரேஷன்னு வச்சுக்கோங்க. ஒரு வாரம், பத்து நாள் அட்மிஷன். வார்டு வாசலில் நர்ஸ் உங்க கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு வந்து பாருங்க, நாலு மணிக்குக் கிளம்பிடணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார்.

நம்ம ஊரா இருந்தா அன்னைக்கே பிரச்சனை ஆகியிருக்கும். ஆனால் 1950 வாக்கில் லண்டனின் பெரிய மருத்துவமனைகளில் இதுதான் நடைமுறை. கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு 2 முதல் 4 வரை மட்டும். செயின்ட் தாமஸில் முதல் ஒரு மாதம் பார்க்கவே முடியாது. இரவு 7 மணிக்கு மேல் குழந்தை தூங்கிய பிறகு எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். லண்டன் ஹாஸ்பிடலில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பார்வை நேரமே கிடையாது. தடுப்புக்குப் பின்னால் நின்று, குழந்தை கண்ணில் படாமல் பார்த்துவிட்டுப் போகலாம்.

அந்த டாக்டர்களும் நர்ஸுகளும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அவர்கள் பக்கம் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, தொற்று. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்னால் டிப்தீரியாவும் ஸ்கார்லெட் காய்ச்சலும் ஒரு வார்டையே காலி செய்துவிடும். வெளியாள் வந்தால் கிருமி வரும் என்ற பயம் நியாயமானது. இரண்டாவது காரணம்தான் இந்த இழைக்கே காரணம். அம்மா வந்துபோனால் குழந்தை அழுகிறது. அம்மா வராவிட்டால் முதல் சில நாள் கத்துகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. கொடுத்ததைச் சாப்பிடுகிறது, யார் தூக்கினாலும் போகிறது. நர்ஸுகள் இதை "செட்டில் ஆயிட்டான்" என்றார்கள். அம்மா வந்தால் செட்டில் ஆனது கலைகிறது. ஆக, அம்மா வராமல் இருப்பதே குழந்தைக்கு நல்லது!

கண்ணால் பார்த்ததை வைத்துச் செய்த தர்க்கம்தான். அழுகை என்றால் துன்பம், அமைதி என்றால் நலம் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கு தப்பு என்று நிரூபிக்க மருத்துவத்துக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த நிரூபணம் குழந்தைகளோடு நிற்கவில்லை. இன்றைக்கு "நான் யார்கிட்டயும் எதையும் எதிர்பார்க்கிறதில்ல சார்" என்று சொல்லும் நாற்பது வயதுக்காரர் வரைக்கும் வந்துவிட்டது.

முதல் ஆள் ஜேம்ஸ் ராபர்ட்சன். டாக்டர் இல்லை. ஸ்காட்லாந்தின் உழைக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். போர்க் காலத்தில் அன்னா ஃபிராய்டு லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, ரிப்பேர் வேலை. அங்கே ஒரு விதி இருந்தது. சமையல்காரரோ பாய்லர்காரரோ, யாராக இருந்தாலும் குழந்தைகளிடம் கண்டதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். ராபர்ட்சன் பார்க்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். (எம்பிபிஎஸ் அஞ்சரை வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு அட்டையை யாரும் கொடுக்கவில்லை.)

போர் முடிந்த பிறகு 1948-இல் ராபர்ட்சன், டாவிஸ்டாக் கிளினிக்கில் ஜான் பவுல்பியிடம் வேலைக்குச் சேர்ந்தார். பவுல்பி மனநல மருத்துவர், 1907-இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அப்பா புகழ்பெற்ற சர்ஜன். அந்த வர்க்கத்து வழக்கப்படி வீட்டுக் குழந்தைகள் ஆயாக்களிடம் வளர்ந்தார்கள். அம்மாவைப் பார்ப்பது மாலைத் தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம். பவுல்பியை வளர்த்த மின்னி என்ற ஆயா, அவருக்கு நாலு வயது இருக்கும்போது வேலையை விட்டுப் போய்விட்டார். அது தாயை இழந்ததற்குச் சமமான இழப்பு என்று பிற்காலத்தில் அவர் கருதினார். 1944-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, திருட்டுப் பழக்கத்தோடு கிளினிக்குக்கு வந்த 44 சிறுவர் சிறுமியரைப் பற்றியது. அவர்களில் 14 பேரை, யார் மேலும் பாசமே வைக்காத பிள்ளைகள் என்று தனியாகப் பிரித்தார். அந்த 14-இல் 12 பேர் சின்ன வயதில் தாயை நீண்ட காலம் பிரிந்திருந்தவர்கள்.

பிரிவைப் பற்றிப் படிக்க ராபர்ட்சனை மருத்துவமனை வார்டுகளுக்கு அனுப்பினார் பவுல்பி. ராபர்ட்சன் அங்கே மூன்று கட்டங்களைப் பார்த்தார். முதலில் எதிர்ப்பு: அழுகை, கத்தல், கட்டிலைப் பிடித்து உலுக்குவது. அடுத்து நம்பிக்கை இழப்பு: சத்தம் குறையும், முகம் வாடும், ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். மூன்றாவதைப் பற்றின்மை எனலாம். குழந்தை சிரிக்கும், விளையாடும், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அம்மா வந்து நிற்கும்போது யாரோ வந்தது மாதிரி பார்க்கும். நர்ஸுகள் "செட்டில் ஆயிட்டான்" என்று மகிழ்ந்தது இந்த மூன்றாவது கட்டத்தைத்தான்.

சொன்னால் யாரும் நம்பவில்லை. நீ டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை என்றார்கள். அதனால் கேமராவைத் தூக்கினார். அதற்கு முன் சினிமா கேமராவைத் தொட்டதே இல்லை. அழுகிற குழந்தையாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துவிட்டான் என்று சொல்லக்கூடாது என்பதற்காக, அட்மிஷன் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு பெயரை எடுத்தார். தினமும் ஒரே நேரங்களில் படம் பிடித்தார். நேரத்துக்குச் சாட்சியாகச் சுவர்க் கடிகாரமும் படத்தில் தெரியும்.

கிடைத்த பெயர் லாரா. 2 வயது 5 மாதம். தொப்புள் ஹெர்னியா ஆபரேஷன், 8 நாள்.

லாரா கத்தி அழுகிற குழந்தையே இல்லை. வயதுக்கு மீறிய கட்டுப்பாடு கொண்டவள். ராபர்ட்சனுக்கு முதலில் இது ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம், ஆனால் படத்தின் பலமே அதுதான். விளையாடிக்கொண்டே இருப்பாள், நடுவில் முகம் ஒரு நொடி உடையும், அம்மா எங்கே என்று மெல்லக் கேட்பாள், உடனே முகத்தைச் சரிசெய்துகொள்வாள். அம்மா பார்க்க வரும்போது ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது தன்னுடைய சாமான்கள் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். அம்மா நீட்டிய கையை மட்டும் பிடிக்கவில்லை.

1952 நவம்பரில் லண்டன் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் இந்தப் படத்தைத் திரையிட்டார்கள். முடிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. எங்கள் வார்டில் இப்படி இல்லை, இந்த ஆள் எங்களை அவமானப்படுத்துகிறான் என்று டாக்டர்கள் கொதித்தார்கள். அப்படிக் கோபப்பட்டவர்களில் ஒருவர் டெர்மாட் மெக்கார்த்தி, அமர்ஷமில் குழந்தை மருத்துவர். அதே கோபத்தோடு தன் வார்டுக்குத் திரும்பியவரிடம், வார்டு சிஸ்டர் ஐவி மாரிஸ் படத்தில் வந்தது உண்மைதான் என்று சொல்லிவிட்டார். மெக்கார்த்தியும் நின்று கவனித்தார். இத்தனை வருடம் தன் கண்முன்னால் நடந்ததை அப்போதுதான் பார்த்தார். தாய்மார்கள் குழந்தையோடு தங்க வார்டைத் திறந்துவிட்டார். 1958-இல் ராபர்ட்சன் தன் அடுத்த படத்தை அந்த வார்டில்தான் எடுத்தார். இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த ரெண்டு பேர் மெக்கார்த்தியும் ஐவி மாரிஸும்தான். கன்சல்டன்ட்டின் முகத்துக்கு நேரே ஒரு சிஸ்டர் அப்படிச் சொல்வது அந்தக் காலத்தில் சாதாரணமில்லை.

1959-இல் பிரிட்டிஷ் அரசின் பிளாட் கமிட்டி, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வர இன்னும் பல வருடங்கள் ஆயின.

லாரா சில மாதம் கழித்துத் தற்செயலாக அந்தப் படத்தின் காட்சிகளைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் பொங்கி அழுதபடி அம்மாவிடம் கேட்டது, அப்போ நீ எங்கே போயிருந்தாய் என்பதைத்தான். எல்லாரும் அவள் மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தார்கள்.

நம்ம அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டில் அம்மா கட்டிலிலேயே குழந்தையோடு ஒண்டிப் படுத்திருப்பார். கீழே பாயில் பாட்டி. ரவுண்ட்ஸ் போகும்போது இடமில்லையே என்று எரிச்சல் வரும். அந்த இடநெருக்கடியைத்தான் பிரிட்டன் போராடிப் பெற வேண்டியிருந்தது!

ஆனால் இதே நேரத்தில் பவுல்பியின் பெயரால் ஒரு அநியாயமும் நடந்தது. உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் அவர் எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு, பிள்ளை கெட்டுப்போனால் அம்மாதான் காரணம், பெண்கள் வேலைக்கே போகக்கூடாது என்று பேச ஒரு கூட்டம் கிளம்பியது. மைக்கேல் ரட்டர் 1972-இல் ஒரு புத்தகமே எழுதி இதைத் திருத்தினார். சில மணி நேரம் பிரிந்திருப்பது வேறு, பிணைப்பே இல்லாமல் வளர்வது வேறு. பிணைப்பு அம்மாவோடு மட்டும்தான் என்றும் இல்லை. அப்பா, பாட்டி, அத்தை, ஆயா என்று பலரோடு ஏற்படும். கேள்வி, நம்பி ஓடுவதற்கு ஒரு ஆள் இருக்கிறாரா என்பது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் இந்த இழையைப் படித்துக் குற்ற உணர்ச்சியில் தவிக்க வேண்டாம். ஆராய்ச்சி சொல்வது அதுவல்ல.

அடுத்தவர் மேரி எய்ன்ஸ்வொர்த். பவுல்பியிடம் வேலை பார்த்துவிட்டு 1954-இல் உகாண்டா போனார். கம்பாலாவை ஒட்டிய கிராமங்களில் 26 குடும்பங்களின் குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு சோதனையை வடிவமைத்தார். ஒரு வயதுக் குழந்தை, பழக்கமில்லாத அறை, பொம்மைகள். அம்மா சில நிமிடம் வெளியே போய்த் திரும்பி வருவார். மொத்தமே இருபது நிமிடம்தான்.

எய்ன்ஸ்வொர்த் கவனித்தது அம்மா போகும்போது நடப்பதைவிட, திரும்பி வரும்போது நடப்பதை. பெரும்பாலான குழந்தைகள் அழுதிருந்தாலும் அம்மாவிடம் ஓடி வந்து, ஒட்டி, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போயின. சில குழந்தைகள் ஒட்டிக்கொண்டும் சமாதானம் ஆகவில்லை. தூக்கச் சொல்லி அழும், தூக்கினால் உதைக்கும். இன்னொரு வகைதான் நமக்கு முக்கியம். அம்மா போனபோது அழவில்லை. வந்தபோது திரும்பியும் பார்க்கவில்லை. பொம்மையோடு விளையாடிக்கொண்டே இருந்தன.

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் "எவ்ளோ சமத்து, எங்க விட்டாலும் இருக்கும்" என்பார். ஆனால் எய்ன்ஸ்வொர்த் இந்தக் குழந்தைகளின் வீடுகளில் முன்பே மணிக்கணக்கில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருந்தார். ஆறுதல் தேடி வரும்போது தள்ளிவிடப்பட்ட குழந்தைகள் இவை. கேட்டால் கிடைக்காது என்று ஒரு வயதுக்குள் கற்றுக்கொண்டு, கேட்பதை நிறுத்திவிட்டன.

அது ஊகமாக இருக்கலாமே? இருக்கலாம். அதனால் 1977-இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தார்கள். அமைதியாக விளையாடிக்கொண்டிருந்த அந்தக் குழந்தைகளின் இதயமும் வேகமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. 1993-இல் ஜெர்மனியில் ஸ்பாங்லர், கிராஸ்மன் எச்சிலில் கார்ட்டிசால் பார்த்தார்கள். அழுது, ஓடி வந்து, சமாதானமான குழந்தைகளுக்கு அந்த மன அழுத்த ஹார்மோன் ஏறவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டாத குழந்தைகளுக்கு ஏறியிருந்தது.

லண்டன் நர்ஸுகள் "செட்டில் ஆயிட்டான்" என்று எழுதிய கேஸ் ஷீட்டுகளை எல்லாம் இந்த இரண்டு ஆய்வும் சேர்ந்து திருப்பிப் போட்டன. சத்தம் வெளியே வருவது நின்றிருந்தது, உடம்பு நிறுத்தவில்லை.

இனி பெரியவர்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் மேரி மெயினும் அவர் குழுவினரும் 1980-களில் ஒரு பேட்டி முறையை உருவாக்கினார்கள். சுமார் ஒரு மணி நேரம் உங்க சின்ன வயதைப் பற்றிக் கேட்பார்கள். அம்மாவோடு இருந்த உறவை விவரிக்க ஐந்து சொற்கள் கேட்பார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சம்பவம் சொல்லச் சொல்வார்கள். அங்கேதான் சிலர் மாட்டுவார்கள். "அன்பானவங்க" என்பார்கள். எப்படி? "நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க." ஒரு சம்பவம்? "ஞாபகம் இல்ல, நார்மலான குழந்தைப் பருவம்தான்." அழும்போது யாரிடம் போவீர்கள்? "நான் அழ மாட்டேன்."

1992-இல் டோசியர், கோபாக் இருவரும் கல்லூரி மாணவர்களை இந்தப் பேட்டிக்கு உட்கார வைத்து, விரலில் வியர்வையை அளக்கும் கருவியை மாட்டினார்கள். குழந்தைப் பருவம் எல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லை என்று ஒதுக்கிப் பேசியவர்களுக்கு, பெற்றோரைப் பிரிந்தது, அவர்கள் ஒதுக்கியது பற்றிய கேள்விகள் வந்தபோது அந்த அளவு ஏறியது. வாய் ஒன்று சொன்னது, தோல் வேறொன்று சொன்னது. இருபது வருடம் கழித்தும் அதே குழந்தை.

இதை நீங்க தினசரி வாழ்க்கையில் பார்த்திருப்பீங்க. 102 டிகிரி காய்ச்சலோடு ஆட்டோ பிடித்துத் தனியாக ஆஸ்பத்திரி வருபவர், கூட யார் வந்திருக்காங்க என்று கேட்டால் "எதுக்கு அவங்களைத் தொந்தரவு பண்ணணும்" என்பார். மனைவி அழுதால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுபவர். இன்னொரு பக்கம், அனுப்பிய மெசேஜுக்கு ரெண்டு ப்ளூ டிக் விழுந்து பத்து நிமிடம் பதில் வராவிட்டால் வயிறு பிசைகிறவர். இவை எல்லாவற்றுக்கும் காரணம் குழந்தைப் பருவம்தான் என்று சொல்ல மாட்டேன். பிறவிச் சுபாவம், பரம்பரை, இன்றைய வேலை, வறுமை, துணை எப்படிப்பட்டவர் என்று பல விஷயம் கலந்தது மனசு. ஆனால் இசிஜி, தைராய்டு, ரத்தம் எல்லாம் நார்மலாக இருந்தும் படபடப்பு படபடப்பு என்று வருகிறவரிடம் "உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அனுப்புவது, அந்த லண்டன் வார்டின் அதே தப்பு.

வெறும் பாசக்குறைவு இல்லாமல், அடி, பாலியல் கொடுமை, குடிகார வீடு என்று வளர்ந்தவர்களின் கதை இன்னும் கனமானது. அது உடல் பருமன் கிளினிக்கில் தற்செயலாக வெளிவந்தது. 1985 வாக்கில் அமெரிக்காவின் சான் டியாகோவில் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி நடத்திய கிளினிக்கில், நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் ஓடினார்கள். ஏன் என்று விசாரித்தபோது, பலர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. சிலருக்கு உடல் பருமன் ஒரு கவசம். அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை. பிறகு ராபர்ட் ஆண்டாவோடு சேர்ந்து ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டு 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளைச் சந்தித்தவர்களுக்கு குடி அடிமைத்தனம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, எதையும் சந்திக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு.

இந்த எண் ஒரு கூட்டத்துக்கான கணக்கு. தனி ஆளுக்கு ஜாதகம் இல்லை. ஆன்லைனில் பத்துக் கேள்விக்கு டிக் அடித்து ஸ்கோர் போட்டுக்கொண்டு பயப்படாதீங்க. இப்படிப் பயன்படுத்தக்கூடாது என்று ஆண்டாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். "உங்க அட்டாச்மென்ட் ஸ்டைல் என்ன?" என்ற ரீல்ஸ் வினாடி வினாவுக்கும் அதே பதில்தான். ஒரு வயதில் பார்த்த வகை அப்படியே பெரியவராகும்போதும் இருக்கும் என்பது கிடையாது. தொடர்பு உண்டு, மிதமான தொடர்பு.

மாறும் என்பதற்கு ருமேனியா சாட்சி. 1989-இல் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபோது, அனாதை இல்லங்களில் சத்தமே போடாத குழந்தைகளை உலகம் டிவியில் பார்த்தது. 2000-இல் புகாரெஸ்டில் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பங்களுக்குப் போனவர்களிடம் பிணைப்பு மீண்டும் துளிர்த்தது. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு இன்னும் நன்றாக.

பெரியவர்களுக்கு? லண்டனில் ஃபோனகியும் ஸ்டீல் தம்பதியும், முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்த சுமார் நூறு பெண்களிடம் அதே பேட்டியை எடுத்தார்கள். குழந்தை பிறந்து ஒரு வயதானதும் எய்ன்ஸ்வொர்த் சோதனை. 1991-இல் முடிவு வந்தது. நான்கில் மூன்று பங்கு, அம்மாவின் பேட்டியை வைத்தே குழந்தையின் பிணைப்பைச் சரியாகக் கணிக்க முடிந்தது. கவனிங்க, அந்தப் பேட்டியில் மதிப்பெண் போடுவது அம்மாவுக்குச் சின்ன வயதில் என்ன நடந்தது என்பதற்கு இல்லை. நடந்ததை அவர் எப்படிச் சொல்கிறார் என்பதற்கு. அடி வாங்கி வளர்ந்தவர், ஒதுக்கப்பட்டு வளர்ந்தவர்கூட, "ஆமாம், அது நடந்தது, எனக்கு வலிச்சுது, அவங்களுக்கு அப்ப இருந்த நிலைமையும் இப்ப புரியுது" என்று முன்னுக்குப் பின் முரணில்லாமல் பேச முடிந்தால், பாதுகாப்பான பிணைப்பு உள்ளவர் என்றே கணக்கு. அந்த நிலைக்கு வந்தவர்களில் பலருக்கு வழியில் எங்கோ ஒரு நல்ல துணையோ, ஆசிரியரோ, சிகிச்சையாளரோ இருந்திருக்கிறார்.

கேட்பதற்கு இப்போது யாரும் இல்லாதவர்கள் 14416-க்குக் கூப்பிடலாம். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கு, ஓபி சீட்டு போட்டு வாங்க. குழந்தையை அட்மிட் செய்திருக்கும் பெற்றோருக்கு ஒரு விஷயம்: கடைக்குப் போயிட்டு வர்றேன்னு பொய் சொல்லிட்டு நழுவாதீங்க. எங்கே போறீங்க, எப்போ வருவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. அழும். அழட்டும். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் காலைக் கட்டிக்கொண்டே திரியும், பாத்ரூம் வாசலில்கூட நிற்கும். அதுக்கு மருந்து எதுவும் வேண்டாம், தூக்கி வச்சுக்கோங்க.